ரொட்டிக் கடை மாடியின் சூடு

நாமகிரிக்குக் குளிர் ஆகவே ஆகாது. பிறந்து வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாமே காரவள்ளிப் பக்கம். மலை அடிவாரம் என்றதும் சிலுசிலுவென்று காற்றடிக்கும் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். சித்திரை வைகாசியில் பகலெல்லாம் பாறை காயும், அந்தக் காய்ச்சல் ராத்திரி முழுக்க ஊருக்குள் இறங்கும். அப்படிப்பட்ட ஊரில் வெந்து பழகிய உடம்பைக் கொண்டுபோய், கொல்லிமலை மேலே வளப்பூர் நாடு என்ற பகுதியில், மிளகுக் காட்டுக்கு நடுவில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக வைத்துவிட்டார் அவள் புருஷன் சுப்பண்ணன். வைத்து ஆறு வருசம் ஆகிவிட்டது.

கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். அவர் சென்றாயன் என்ற மலைக்காரரிடம் மிளகுக் கொடிகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். காவலுக்குப் போட்ட ஆள் காய்ந்த மிளகைச் சத்தமில்லாமல் கீழே இறக்கி விற்றுவிட்டான். வயல் வேலையை விட்டுவிட்டு அவரால் மலையில் உட்கார முடியாது. "ஒரு போகம் மட்டும் நீ இருந்து பாத்துட்டு வந்துரு புள்ள" என்றார். அவளும் இரண்டு சேலை, ஒரு போர்வை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்த ஒரு போகத்துக்குள் கீழே என்னென்னவோ நடந்துவிட்டது. மகன் கோகுல்நாத்துக்குக் கல்யாணம் ஆகி, அனுராதா மருமகளாக வந்தாள். நல்ல பெண். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் பெரிய குறை. வந்த வேகத்தில் அடுப்படியை வாங்கிக்கொண்டாள், மாட்டை வாங்கிக்கொண்டாள், மாமனாருக்கு எத்தனை மணிக்குக் காப்பி வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டாள். பொங்கலுக்கு இறங்கிப்போன நாமகிரி, தன் வீட்டு அடுப்படியில் உப்பு டப்பா எங்கே என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் உட்காருங்கள் அத்தை, நான் எடுத்துத் தருகிறேன் என்று அனுராதா சிரித்த முகமாகச் சொன்னாள். அன்று ராத்திரி நாமகிரி கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, பொழுது விடிந்ததும் மலைக்குக் கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தாள். போகாதே என்று புருஷன் சொல்லுவார் என்று பார்த்தாள். அவர் பஸ் நிறுத்தம் வரை வந்து பையை ஏற்றிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்புதான். "போதும் புள்ள, வா, ஊட்டுக்குப் போலாம்" என்று அவர் வாயால் ஒரு தரம் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்னவோ. ஆனால் கேட்டு வாங்குகிற சொல் எதற்கு என்று அவளுக்கு ஒரு வீம்பு. வீம்பென்றால் சாதாரண வீம்பா? மலைமேல் கடைவீதியான செம்மேட்டில் எஸ்.டி.டி. பூத்தில் நின்று வாரம் ஒரு தரம் போன் பேசுவாள். அவர் மிளகு எப்படி என்பார், மழை எப்படி என்பார், வேற என்பார். வேற ஒண்ணும் இல்லீங்க என்பாள். போனை வைத்த பிறகு பூத்துக்காரன் கதவைத் தட்டும் வரைக்கும் உள்ளேயே நிற்பாள்.

மலையில் அவளுக்குப் பேச ஆள் இல்லை. சென்றாயன் வீட்டார் மரியாதையானவர்கள்தான், கீழ்நாட்டு அம்மா என்று ஒரு பலாப்பழம் அறுத்தால்கூடச் சுளை கொடுத்தனுப்புவார்கள். ஆனால் கொடுத்துவிட்டு நிற்கமாட்டார்கள். மார்கழிப் பனியில் நாலு சுவருக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் உடம்பு ஒரு மூட்டையாகச் சுருங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சுருக்கம் விரியாமலே போய், தோள் இறுகி, இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் ஆயிற்று. கொடி ஏறிப் பறிப்பவர்களுக்கு ஏணி பிடிக்கக்கூடக் கை வரவில்லை. இன்னொன்றும் அவள் கவனித்தாள். அவளுக்கு வேர்ப்பதே நின்றுபோயிருந்தது. கடைசியாக எப்போது நன்றாக வேர்த்தது என்று யோசித்தால் காரவள்ளி ஞாபகம்தான் வந்தது.

அந்த ஐப்பசியில், இரண்டாயிரத்து மூன்று என்று நினைக்கிறேன், தோளுக்கு மாத்திரை வாங்கச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாத்திரை கொடுத்த நர்சம்மா, கீழேயிருந்து ஒரு பெண் வந்து பொம்பளைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறாள், காசு கிடையாது, போய்த்தான் பாருங்களேன் என்றார். எங்கே என்று கேட்டாள். ரொட்டிக் கடை மாடி என்றார் நர்சம்மா.

ஏன் ரொட்டிக் கடை மாடி என்றால் அது ஒரு கூத்து. முதலில் பள்ளிக்கூடத்துக் கூடத்தில்தான் வகுப்பு என்று ஏற்பாடு. ஐப்பசி மழைக்கு அந்தக் கூடம் முழுக்க ஒழுகியது. செம்மேட்டில் ஒழுகாத பெரிய இடம் ஜெய்லானி ரொட்டிக் கடை மாடி ஒன்றுதான். ஜெய்லானி சேந்தமங்கலத்துக்காரர், பெண்டாட்டி ஜெய்னப்போடு மலையேறி வந்து கடை போட்டவர். மலை ஈரத்தில் மைதா மூட்டை பூத்துக் கட்டியாகிவிடும். அதற்காக விறகு அடுப்புக்கு நேர் மேலே மாடி எடுத்து, புகைபோக்கியை அதன் சுவருக்குள்ளேயே விட்டுக் கட்டியிருந்தார். மூட்டைகள் ஒரு பக்கம் அடுக்கியிருக்கும், மீதி இடம் காலி. மத்தியானத்துக்கு மேல் அடுப்பைப் பற்ற வைப்பார். நாலு மணிக்கு மாடித் தரை வெறுங்கால் வைத்தால் சுரீர் என்னும். யோகா வகுப்பும் அதே நாலு மணிக்குத்தான்.

சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணின் பெயர் கௌசிகா. நாமக்கல்காரி, படிப்பு முடித்து முதல் வேலை. வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் ஏறி வருவாள், சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவாள். பாவம், அவளுக்கே அந்த மாடியில் மூச்சு முட்டியது. ஜன்னல்களைத் திறந்தால் மைதாவுக்கு ஈரம் ஏறிவிடும் என்று ஜெய்லானி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் நாள் வந்த பெண்களில் பாதிப் பேர் முந்தானையால் விசிறிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைப் பார்த்துக் கௌசிகா, வெளிநாட்டில் அறையைச் சூடு பண்ணிக்கொண்டு வேண்டுமென்றே இப்படி யோகா செய்கிறார்களாம், அதற்குக் காசு வேறு கொடுக்கிறார்களாம், பத்திரிகையில் படித்தேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கொழுப்பெடுத்தவர்கள் என்று ஒருத்தி சொன்னாள்.

நாமகிரி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பேச்சே காதில் விழவில்லை. மிளகு பறிக்கும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையோடு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கால் வழியாக ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கி மூச்சை இழு என்று கௌசிகா சொன்னாள், தூக்கினாள். இடது கை காது வரைக்கும் வந்து நின்றது. குனி என்றாள், குனிந்தாள். விரல் முழங்காலைத் தாண்டவில்லை. வளைந்ததும் நிமிர்ந்ததுமாகக் கொஞ்ச நேரம் போயிருக்கும். தலைமுடிக்குள் ஒரு நமைச்சல் எடுத்தது. பேனோ என்று பயந்து தொட்டுப் பார்த்தாள். விரல் நனைந்திருந்தது.

வேர்வை. நெற்றியில் இறங்கி, பிடரியில் இறங்கி, முதுகுத் தண்டு வழியாக ஒரு கோடாக ஓடியது. அட, உனக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா என்று அதைக் கேட்கவேண்டும் போல இருந்தது அவளுக்கு. காரவள்ளிக் களத்தில் சோளம் தூற்றிக்கொண்டு நின்ற உடம்பு, இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சந்தோசமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லவேண்டுமானால், ஆறு வருசத்தில் அதுபோல அவள் சந்தோசமாக இருந்ததில்லை. கடைசியில் எல்லாரையும் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, கை கால்களை விட்டுவிடுங்கள், கண்ணைத் திறக்காதீர்கள், இதுதான் சவாசனம் என்றாள் கௌசிகா. முதுகுக்கு அடியில் தரை கொதித்தது. கீழே பன் வெந்துகொண்டிருக்கும் வாசனை வந்தது. அவள் அப்படியே தூங்கிப்போய்விட்டாள். எழுப்பும்போது வாய் ஓரம் எச்சில் ஒழுகியிருந்ததைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கும் உண்டா கண்ணு என்று கேட்டாள்.

அதன் பிறகு ஒரு வகுப்பையும் விடவில்லை. பஸ் வராத நாளில் நடந்தே போனாள். ஒற்றைக்காலில் நின்று கைகூப்பும் ஆசனத்தில் முதலில் மைதா மூட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள், இரண்டு தரம் மூட்டைமேலேயே விழுந்து வெள்ளையாக எழுந்தாள். மற்றவர்கள் கலாய்த்தார்கள். இவளும் சிரித்தாள். கார்த்திகை முடிவதற்குள் கை காதைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. நர்சம்மா கொடுத்த மாத்திரை பாதி அப்படியே இருந்தது. ராத்திரி படுத்தால் விடியற்காலைதான் முழிப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். யோகா வேறு, அந்தச் சூடு வேறு என்பது அவளுக்குத் தெரியாது. யோகா என்றாலே அடுப்புக்கு மேலே செய்வது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முதன்முதலாகப் பார்த்ததே அப்படி என்றால் வேறெப்படி நினைப்பாள்? மார்கழியில் பள்ளிக்கூடத்துக் கூடத்துக்கு ஓடு மாற்றினார்கள். கௌசிகா எல்லாரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். விட்டுப்போன பெண்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். நாமகிரியும் போய் ஜமுக்காளத்தில் நின்றாள். சிமெண்டுத் தரையின் சில்லிப்பு காலில் ஏறியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏஞ் சாமி, இங்க அடுப்பு எப்பப் பத்த வெப்பாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. கௌசிகாவும் சிரித்துவிட்டு, அப்புறம் சங்கடப்பட்டுக்கொண்டு, யோகாவுக்கு அடுப்பெல்லாம் வேண்டியதில்லை அம்மா, சும்மாவே செய்யலாம் என்று விளக்கினாள். நாமகிரி தலையாட்டினாள். அன்றைக்கு எல்லாருடனும் சேர்ந்து எல்லாவற்றையும் செய்தாள், ஒன்றும் வரவில்லை. கை காதோடு நின்றுகொண்டது. சுற்றிலும் இருபது பெண்கள் மூச்சு விடும் சத்தத்துக்கு நடுவில், வளப்பூர் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வகுப்பு முடிந்ததும் நேராக ரொட்டிக் கடைக்குப் போய், ஜெய்னப்பிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மாடியில் நான் மட்டும் வந்து செய்துகொள்ளட்டுமா, ஜன்னலைத் திறக்கமாட்டேன், மூட்டையைத் தொடமாட்டேன் என்றாள்.

ஜெய்னப் பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவளும் ஊரைவிட்டு மலைக்கு வந்தவள்தானே. தாராளமாகச் செய்யுங்கள் அக்கா, நான் படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன், யாரும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அப்படித்தான் தையும் மாசியும் போயிற்று. கௌசிகாவுக்கு மாற்றல் வந்து அவளும் போய்விட்டாள். பள்ளிக்கூடத்து வகுப்பு தானாக நின்றுபோனது. மிளகுப் பறிப்பு நடந்தது. காலையெல்லாம் ஆட்களோடு காட்டில் நிற்பாள், மத்தியானம் மிளகைப் பாயில் காயப் பரப்புவாள், அப்புறம் பஸ் ஏறி ரொட்டிக் கடை மாடிக்குப் போய்விடுவாள். அங்கே அவளை யாரும் பார்க்கவில்லை, சரியென்றோ தப்பென்றோ சொல்ல ஆளில்லை. வளைந்தாள், நின்றாள், விழுந்தாள், படுத்தாள். தனியாகத்தான் இருந்தாள். ஆனால் ஓட்டு வீட்டுத் தனிமைக்கு இது பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. என்ன ஒன்று, படியிறங்கியதும் அந்தப் பழைய எதிர்பார்ப்பு கீழேயே காத்துக்கொண்டிருக்கும். அவர் சொல்லவேண்டுமே, சொல்லமாட்டாரா என்று பஸ் முழுக்க அதையே அரைத்துக்கொண்டு போவாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு பொம்பளை நாள் தவறாமல் ரொட்டிக் கடை மாடிக்குப் போகிறாள், ஒரு மணி நேரம் கழித்து முகம் சிவந்து, குளித்தவள் மாதிரி தொப்பலாக நனைந்து இறங்கி வருகிறாள். அதை என்னவென்று பேசுவது என்று பஸ்காரர்களுக்கா தெரியாது? கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் தாண்டி அந்தப் பேச்சு காரவள்ளி டீக்கடைக்கு இறங்கியது. பங்குனி பிறந்த வாரத்தில் சுப்பண்ணன் யாரிடமும் சொல்லாமல் மத்தியான பஸ் ஏறினார்.

முதலில் வளப்பூர் வீட்டுக்குத்தான் போனார். கதவு பூட்டியிருந்தது, மிளகு பாயில் கிடந்தது. சென்றாயன், அம்மா ரொட்டிக் கடைக்குப் போயிருக்காங்க என்றார், கூடவே ஒன்றும் சொல்லவில்லை. அதுவே சுப்பண்ணனுக்குக் கொதித்தது. அடுத்த பஸ்ஸில் செம்மேட்டுக்கு வந்து இறங்கும்போது மணி ஐந்து இருக்கும். ஜெய்னப் அப்போதுதான் அஸர் தொழுகைக்கு உள்ளே போயிருந்தாள். ஜெய்லானி அடுப்புக்குள் தலையை விட்டிருந்தார். தடுக்க ஆளில்லை. சுப்பண்ணன் செருப்போடு தடதடவென்று மாடி ஏறிக் கதவைத் தள்ளினார்.

உள்ளே அனலாக அடித்தது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. நடுத்தரையில் ஒரு சாக்கின் மேல் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நாமகிரி மல்லாந்து கிடந்தாள். உடம்பெல்லாம் நனைந்து, முகம் செக்கச் சிவந்து, வாய் கொஞ்சம் திறந்து, இரண்டு உள்ளங்கையும் மேலே பார்க்க விரிந்து கிடந்தன. புள்ள என்று கூப்பிட்டார். அசையவில்லை. ஏறும்போது என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தாரோ அத்தனையும் அந்த இடத்திலேயே அவருக்கு மறந்துபோனது.

மண்டிபோட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி" என்றார். "ஏஞ் சாமி, அம்மிணி, இப்படிப் போயிட்டியே."

நாமகிரி சவாசனத்தின் அடிமட்டத்தில் இருந்தாள். யாரோ யாருக்காகவோ அழுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அம்மிணி என்று அவளைக் கூப்பிட்டது கல்யாணம் ஆன புதிதில், அதுவும் விளக்கணைத்த பிறகு. அந்தச் சொல்லைக் கேட்டு இருபத்தைந்து வருசத்துக்கு மேல் இருக்கும். குரல் அவருடையது என்று தெரிந்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. பொய் சொல்வானேன், வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. இன்னும் ஒரு தரம் சொல்லட்டும் என்று கிடந்தாள். அவர் சொன்னார். காலைப் பிடித்திருந்த கையை விடவில்லை. இவ்வளவு இருந்ததா இந்த மனுசனுக்குள்ளே என்று நினைத்ததும் அதற்கு மேல் அவளால் அப்படிக் கிடக்க முடியவில்லை. கண்ணைத் திறந்துவிட்டாள்.

சுப்பண்ணன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஆம்பளைகளுக்குத் தாங்கள் அழுததை யாராவது பார்த்துவிட்டால் வருமே, அந்தக் கோபம். பொணம் மாதிரி படுத்துக்கொண்டு இதென்ன வேலை, வயசான காலத்தில் இதென்ன ஆட்டம், டீக்கடையில் உட்கார முடியவில்லை, என் மானத்தை வாங்குகிறாய் என்று ஒரு மூச்சு பொரிந்து தள்ளினார். அவள் சாக்கிலேயே எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் களைத்துப்போய்க் குரலை இறக்கினார்.

"போதும் புள்ள. கெளம்பு. வா, ஊட்டுக்குப் போலாம்."

வந்துவிட்டது. ஆறு வருசமாக எந்தச் சொல்லுக்குக் காத்திருந்தாளோ அது ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது. அதைக் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று பஸ்ஸில், காட்டில், போர்வைக்குள் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் ஓடவில்லை. அம்மிணியைக் கூப்பிட வந்தாரா, டீக்கடைக்குப் பதில் சொல்ல வந்தாரா என்பதுதான் ஓடியது. காலைப் பிடித்துக்கொண்டு அழுத கை நிஜம். அது தனக்காகத்தான் என்றால் இன்னொரு தரமும் தெரிந்துவிடும்.

"இன்னம் முடியலீங்க" என்றாள். "நீங்க கீழ உக்காருங்க. முடிச்சுட்டு வாரேன்."

அது பச்சைப் பொய். சவாசனத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று கௌசிகா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சரி என்று எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனார். இந்தத் தடவை படியில் சத்தம் வராமல் இறங்கினார்.

அவள் திரும்பப் படுத்துக்கொண்டாள். கீழே இறங்கும் சாயங்கால பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும். அதை விட்டால் காரவள்ளிக்கு நாளைக் காலையில்தான் வண்டி. எனக்காக அந்த ஒரு பஸ்ஸை விடட்டும், அவள் மனசில் வைத்தது அவ்வளவுதான். பஸ் போன பிறகு அவர் கீழே கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தால் போதும், இனி இந்த மாடியே வேண்டாம், விடிந்ததும் அவரோடு இறங்கிவிடலாம். அனுராதாவிடம் உப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டால் என்ன கௌரவம் குறைந்துவிடும்? ராத்திரிக்கு வளப்பூரில் அவருக்குச் சுடுசோறும் மிளகு ரசமும் வைக்கலாம். ஆறு வருசத்தில் அவர் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை.

இப்படி ஒருத்தரிடம் சொல்லாமல் அவருக்கு ஒரு பரீட்சை வைத்தால் அதில் யார் தேறுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அவளும் அதைக் கேட்டுக்கொண்டாள். பஸ் வந்து நின்று, எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தபோது, ஓடிப்போய் நில்லுங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். ஊன்றியபடியே இருந்தாள். கண்டக்டர் விசில் அடித்தார். டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். பஸ் வளைவில் திரும்பி, அதன் சத்தம் தேய்ந்து, அப்புறம் கடைவீதியில் சத்தமே இல்லை.

நாமகிரி எழுந்தாள். ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து மடித்தாள். முகத்தைத் துடைத்து, கொண்டையைப் பிரித்துப் போட்டு, சேலையை உதறிக் கட்டினாள். சாக்கைச் சுருட்டி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். இனி இங்கே வரப்போவதில்லை என்று நினைத்தபோது ஒரு சின்ன வருத்தம் வந்தது, அதற்கு மேலாக ஒரு பெரிய சந்தோசம் வந்து அதை அமுக்கியது. படியிறங்கும்போது கல்யாணப் பெண்ணைப் போல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெஞ்சியில் யாரும் இல்லை. குடித்து முடித்த டீ கிளாஸ் ஒன்று இருந்தது. ஜெய்னப் அதை எடுக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நாமகிரி தெருவைப் பார்த்தாள். ஜெய்னப்தான் மெல்லச் சொன்னாள். ராத்திரி கரண்ட் வந்தால் மோட்டார் போடவேண்டுமாம், மகன் ஊரில் இல்லையாம், பஸ்ஸைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, மிளகை மூடச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"மேல வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் நாமகிரி.

"கூப்புடட்டுங்களான்னு நாங் கேட்டேங்கா. வேண்டாம், முடிச்சுட்டு வாரேன்னு சொல்லியிருக்கா, முடிக்கட்டும்னாருங்க."

நாமகிரி பெஞ்சியைப் பிடித்துக்கொண்டாள். முடிக்கட்டும் என்று அவர் எந்த முகத்தோடு சொன்னார் என்று கேட்கத் தோன்றியது. ஜெய்னப்புக்கு அது எப்படித் தெரியும்? கோபத்தில் சொன்னாரா, விட்டால் போதும் என்று சொன்னாரா, இல்லை நிஜமாகவே அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் நினைத்தாரா? அவள் சொன்ன பொய்யை அவர் அப்படியே நம்பிக்கொண்டு போய்விட்டார் என்பது மட்டும்தான் தெரிந்தது. மேலே படுத்துக்கொண்டு அவள் ஒரு பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இவர் இங்கே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்.

அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார் என்றாள் ஜெய்னப், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"என்னையக் கூட்டிட்டுப் போறதுக்கா?"

ஜெய்னப்புக்குப் பொய் சொல்ல வராது. டீ கிளாஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"லாரி கொண்டாந்து மொளகு ஏத்திக்கறேன்னாருங்கா."

ஆகட்டும் என்றாள் நாமகிரி. வெளியே மழை விழ ஆரம்பித்தது. கடைவீதியில் காயப் போட்டிருந்த துணிகளை எடுக்க ஆட்கள் ஓடினார்கள். வளப்பூரில் பாயில் கிடந்த மிளகு நனையும். அவள் தெருவைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள், அப்புறம் நின்றாள். திரும்பி வந்து மாடிப்படியில் ஏறினாள்.

கடையைக் கட்டுகிற நேரம், அடுப்பிலிருந்து தணலை வாரி வெளியே போட்டாயிற்று, இனி மேலே ஒன்றும் இருக்காது என்று ஜெய்னப் பின்னால் வந்து சொன்னாள்.

"இருக்கற சூடு போதுங் கண்ணு" என்று சொல்லிவிட்டு நாமகிரி கதவைச் சாத்திக்கொண்டாள்.